ரிசீவரின் உடம்பில் அந்த "மணிக்கட்டு" எங்கே இருக்கிறது? அமெரிக்கக் கால்பந்தில் அடுத்த நகர்வை முன்கூட்டியே படிப்பது பற்றி

மாலைநடை (நியூ ஜெர்சி)

என் மகனுக்கு 16 வயது. பள்ளி அணியில் கார்னர்பேக்காக ஆடுகிறான். வீசும் பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரை நிழல்போல் தொடர்ந்து, அவன் கைக்குப் பந்து போகாமல் தடுக்க வேண்டிய இடம் அது. சென்ற வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்தில் ஒரே பையனிடம் இரண்டு முறை ஏமாந்தான். இரண்டு முறையும் அந்த ரிசீவர் நேராகப் பன்னிரண்டு யார்டு பாய்ந்து வந்து, சட்டென்று நின்று, பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கின் பக்கம் திரும்பிப் பந்தை வாங்கிக்கொண்டான். கர்ல் என்பார்களே, அந்தப் பாதை. என் மகன் கால் ஊன்றித் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆட்டம் முடிந்தபின் பயிற்சியாளர் அவனிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. "அவன் கண்ணைப் பார்க்காதே, தலையைப் பார்க்காதே, இடுப்பைப் பார். நிற்கப் போகிறான் என்பதை அவன் உடம்பே உனக்குச் சொல்லிவிடும்."

வீட்டுக்கு வந்து, நான் எடுத்திருந்த காணொளியைப் பத்து முறையாவது ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். சுழல் வீச்சாளரின் மணிக்கட்டைப் பார்த்து, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று மட்டையாளர் கண்டுகொள்வது எனக்குப் புரியும். ரிசீவரின் உடம்பில் அந்த மணிக்கட்டு எங்கே இருக்கிறது? உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது தோற்ற பையனுக்குச் சொல்லும் ஆறுதலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓரக்கோடு (டெக்சாஸ்)

இருக்கிறது அண்ணா. நான் பள்ளியில் நான்கு வருடம் ரிசீவராக ஆடியவன், இப்போது சிறுவர் அணி ஒன்றுக்குப் பயிற்சி தருகிறேன். நான் என் உடம்பால் எத்தனை இரகசியங்களை விட்டுக்கொடுத்தேன் என்பது ஆடுவதை நிறுத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பந்து ஸ்னாப் ஆவதற்கு முன்பே, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து நகர்வைத் தொடங்குவதற்கு முன்பே, பாதிக்கதை தொடங்கிவிடுகிறது. முதலில் அவன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். மைதானத்தில் பத்து யார்டுக்கு ஒன்றாகப் பெரிய எண்கள் வரைந்திருக்கும். அந்த எண்களைத் தாண்டி ஓரக்கோட்டை ஒட்டி நிற்பவனுக்கு வெளிப்பக்கம் வெட்டி ஓட இடமே இல்லை. ஆகவே உள்ளே வெட்டுவான், இல்லையென்றால் நேராக ஓடுவான். வழக்கத்தைவிட உள்ளே நெருங்கி நிற்பவன் தனக்கு வெளியே இடம் சேர்த்துக்கொள்கிறான் என்று எண்ணலாம். அல்லது உள்ளேயிருக்கும் ஒரு தடுப்பாட்டக்காரனைப் பக்கவாட்டில் மோதித் தடுக்கப் போகிறான். அப்படி மோதப் போகும் பையன் ஸ்னாப்புக்கு முன்பே அந்த ஆளை ஒருமுறை பார்த்துவிடுவான். பள்ளி அளவில் இதை மறைக்கத் தெரிந்த பையன்கள் மிகக் குறைவு.

அடுத்தது கால். பெரும்பாலான பயிற்சியாளர்கள் உள்பக்கக் காலை, அதாவது பந்து இருக்கும் பக்கத்துக் காலை, முன்வைத்து நிற்கச் சொல்வார்கள். அப்படி நின்றால் முதல் அடி வெளிக்கால், இரண்டாவது உள்கால், மூன்றாவது மறுபடி வெளிக்கால். மூன்றாவது அடியில் வெளிக்காலை ஊன்றி உள்ளே சாய்ந்து வெட்டினால் அது ஸ்லான்ட். கணக்கு சரியாக வந்துவிடும். ஆனால் அதே பையன் குறுகிய அவுட் பாதை ஓட வேண்டுமென்றால் உள்காலை ஊன்றித்தான் வெளியே வெட்ட வேண்டும். அடிக்கணக்கு ஒன்று இடிக்கும். அனுபவம் இல்லாத பையன் என்ன செய்வான்? நிற்கும்போதே காலை மாற்றி வைத்துக்கொள்வான். கால் மாறியது என்றால் பாதை மாறியது என்று பொருள்.

இனி ஓட ஆரம்பித்த பிறகு. உங்கள் மகன் ஏமாந்த கர்ல் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் ஓடும் பையனின் மார்பு முழங்காலுக்கு மேலே முன்சாய்ந்திருக்கும், கைகள் வீசிக்கொண்டே இருக்கும். நிற்பதற்கு இரண்டு மூன்று அடி முன்பு மார்பு நிமிரும். கை வீச்சு நின்றுபோகும். அடிகள் குறுகும். நான் பயிற்சி தரும் சிறுவர்களிடம் "மார்பில் போட்டிருக்கும் எண் உனக்கு முழுதாகத் தெரிய ஆரம்பித்தால் அவன் நிற்கப் போகிறான்" என்றுதான் சொல்வேன். ஆழமாக ஓடப் போகிறவனின் எண் உங்கள் அருகில் வரும்வரை பாதி மறைந்தே இருக்கும்.

காணொளியில் எண்ணைப் பாருங்கள். கட்டாயம் தெரியும்.

பாலாற்றங்கரை (வேலூர்)

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பன்னிரண்டு வருடமாக நடுஇரவில் விழித்திருந்து இந்த ஆட்டத்தைப் பார்க்கிறேன். உடல்மொழி என்பதற்கு நாம் தகுதிக்கு மீறிய மதிப்புக் கொடுக்கிறோம் என்பதே என் கருத்து. அடுத்த நகர்வைச் சொல்வது சூழ்நிலை, அணிவகுப்பு, பழக்கம் ஆகியவைதான். எத்தனையாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் எத்தனையாவது), எத்தனை யார்டு வேண்டும், யார் உள்ளே வந்திருக்கிறார்கள், யார் எங்கே நகர்கிறார்கள் என்று பார்த்தாலே பெரும்பகுதி தெரிந்துவிடும்.

2003 ஜனவரியில் நடந்த 37ஆவது சூப்பர் பவுலை, தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டத்தை, நினைத்துப் பாருங்கள். ஜான் குரூடன் 2001 வரை ரெய்டர்ஸ் பயிற்சியாளர். மறுவருடமே டாம்பா பே அணிக்கு வந்து, தன் பழைய அணியையே இறுதி ஆட்டத்தில் எதிர்கொண்டார். ரெய்டர்ஸ் அணியின் நகர்வுகளைப் பயிற்சியிலேயே பார்த்துவிட்டோம் என்று டாம்பா பே தடுப்பாட்டக்காரர்கள் களத்திலேயே பேசிக்கொண்டார்கள். ரெய்டர்ஸ் குவார்ட்டர்பேக் ரிச் கேனன் ஐந்து இன்டர்செப்ஷன் கொடுத்தார், அதாவது அவர் வீசிய பந்தை எதிரணி ஐந்து முறை பறித்தது. அதில் மூன்று டச் டவுன் ஆனது, பறித்தவர்கள் பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டார்கள். 48–21 என்று டாம்பா பே வென்றது. அங்கே யாருடைய இடுப்பையும் யாரும் படிக்கவில்லை. பாடம் முன்பே கையில் இருந்தது.

2014 பிப்ரவரியில் உங்கள் நியூ ஜெர்சியில் நடந்த 48ஆவது சூப்பர் பவுலும் அப்படியே. டென்வர் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங் ரிசீவர்களின் பாதையை மாற்றக் காட்டும் கை சைகைகளில் சிலவற்றை முதல் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டோம் என்று சியாட்டில் கார்னர்பேக் ரிச்சர்ட் ஷெர்மன் பின்னர் சொன்னார். எந்த டவுனில் எந்தப் பாதையை அவர்கள் விரும்புவார்கள் என்பதையும் முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். 43–8 என்று சியாட்டில் வென்றது.

டோனி ரோமோ நேர்முக வர்ணனையில் அடுத்த நகர்வை முன்கூட்டியே சொல்லி எல்லோரையும் வியக்கவைத்தது 2019 ஜனவரியில், நியூ இங்கிலாந்து – கன்சாஸ் சிட்டி ஆட்டத்தில். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அணிவகுப்பையும் ஆள் நகர்வையும்தான். பையனுக்கு மார்பு எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால், எதிரணி மூன்றாவது டவுனில் என்ன செய்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்பேன்.

தாரிணி_கிழக்கு (ஸ்கார்பரோ)

நான் உடலியக்கச் சிகிச்சையாளர். விளையாட்டுக் காயத்தோடு வரும் பிள்ளைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். இந்த ஆட்டத்தின் நுணுக்கங்களை உங்களைப் போல் அறியேன். ஆனால் பயிற்சியாளர் ஏன் இடுப்பைச் சொன்னார் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது ஆறுதல் வார்த்தை இல்லை.

நிற்கும் மனிதனின் உடல் எடை மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இருக்கிறது. தலையை ஆட்டலாம், தோளை ஒரு பக்கம் எறியலாம், கண்ணால் பொய் சொல்லலாம். இவற்றால் எடை மையம் பெரிதாக நகராது. ஆகவே இவை எல்லாம் செலவில்லாத பொய்கள். இடுப்பை நகர்த்தினால் உடம்பே நகர்ந்துவிடும். பொய்க்காக இடுப்பை நகர்த்தியவன் அதை மீட்டுக்கொண்டு வர இன்னோர் அடி செலவழிக்க வேண்டும். உதைபந்தாட்டத்தில் பின்காப்பு வீரனுக்கு "காலைப் பார்க்காதே, இடுப்பைப் பார்" என்று சொல்லிக்கொடுப்பதும் இதனால்தான்.

நிற்பதற்கும் இதே கணக்கு. வேகமாக ஓடுபவனின் பாதம் எடை மையத்துக்குக் கிட்டத்தட்ட நேர்கீழே விழுகிறது. நிற்க வேண்டுமென்றால் பாதத்தை உடம்புக்கு முன்னால் கொண்டுபோய் ஊன்ற வேண்டும், இடுப்பைத் தாழ்த்த வேண்டும், மேலுடம்பைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். தொடையின் முன்தசை நீண்டுகொண்டே அந்த வேகம் முழுவதையும் விழுங்க வேண்டும். ஒரே அடியில் இதைச் செய்தால் முழங்கால் தாங்காது. அதனால்தான் இரண்டு மூன்று குறுகிய அடிகள். எவ்வளவு வேகமாக வருகிறானோ அவ்வளவு அதிகம் அடிகள் வேண்டும். ஓரக்கோடு சொன்ன மார்பு நிமிர்தல் ஒரு பழக்கம் அல்ல, திருத்திவிடக்கூடிய பிழையும் அல்ல. உடம்பு அப்படித்தான் நிற்கும். நல்ல ரிசீவர் அந்த அடிகளைக் குறைக்கலாம், இல்லாமல் செய்ய முடியாது.

இங்கே கனடாவின் ஆட்டத்தில் இன்னொன்றைப் பார்க்கிறேன். அணிக்கு 12 பேர், மூன்றே டவுன், மைதானம் 65 யார்டு அகலம். ஸ்னாப்புக்கு முன்பே, பின்னால் நிற்கும் ரிசீவர்கள் பந்து வைத்திருக்கும் கோட்டை நோக்கி ஓடிவரலாம். ஆகவே அவர்களிடம் எந்தக் கால் முன்னால் என்ற கேள்வியே எழாது. ஆனால் ஓடிவரும் விதத்தில் ஒன்று தெரியும். பந்து தனக்கு வரப்போகிறவன் ஸ்னாப் நேரத்தில் கோட்டை முழு வேகத்தோடு தொடும்படி கணக்குப் போட்டு வருவான். மற்றவன் கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேர்வான். டொராண்டோ ஆட்டத்தை நேரில் பார்க்கும்போது நான் அந்த நேரக்கணக்கை மட்டும் கவனித்துக்கொண்டிருப்பேன்.

இரவுப்பேருந்து (கோயம்புத்தூர்)

இடையில் ஒரு சந்தேகம். இதெல்லாம் தொலைக்காட்சியில் எப்படித் தெரியும்? ஸ்னாப் ஆனதும் ரிசீவர் திரையை விட்டே போய்விடுகிறார். பந்து காற்றில் போன பிறகுதான் மறுபடி வருகிறார்.

ஓரக்கோடு

தெரியாது. ஒளிபரப்பு பந்தின் பின்னால் போகிறது. 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த படம் ஒன்று உண்டு, பயிற்சியாளர்கள் பயன்படுத்துவது அதைத்தான். 2012 முதல் அது சந்தா கட்டும் ரசிகர்களுக்கும் கிடைக்கிறது. ஒரே ஆட்டத்தை அந்தப் படத்தில் பாருங்கள். இரண்டும் வேறு வேறு விளையாட்டோ என்று தோன்றும்.

தாரிணி அக்கா, "செலவில்லாத பொய்" என்ற சொல்லை நான் என் சிறுவர்களிடம் எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். மிக்க நன்றி.

பாலாற்றங்கரை ஐயாவுக்கு. நோட்டுப் புத்தகம் எழுத வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் நீங்கள் உடல்மொழியை மிகச் சிறியதாக எடுத்துக்கொள்கிறீர்கள். ரிசீவர் கூடுதலாகச் செய்வதை மட்டும் தேடினால் அது அரிதாகத்தான் அகப்படும். அவன் எதைச் செய்யாமல் விடுகிறான் என்று பார்க்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். கடைசி வருடம் ஒரு ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது எதிரணி கார்னர்பேக் என்னிடம், "உனக்குப் பந்து வரும்போதெல்லாம் இடுப்பில் செருகிய துண்டில் கையைத் துடைக்கிறாய், தெரியுமா?" என்றான். எனக்குத் தெரியாது. அன்றிரவு காணொளியைப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. ஆனால் துண்டைவிட என்னைச் சுட்டது வேறொன்று. எனக்குப் பந்து இல்லாத நகர்வுகளில் நான் நடந்துவந்து நின்றிருக்கிறேன். ஸ்னாப் ஆனதும் முதல் இரண்டு அடி சோம்பலாக இருந்தது. அதைப் பார்த்த கார்னர்பேக் என்னை விட்டுவிட்டு ஓட்டக்காரனைப் பிடிக்க உள்ளே போய்விடுகிறான். என் சோம்பலால் என் நண்பன் அடி வாங்கியிருக்கிறான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தொழில்முறை ரிசீவர் ராண்டி மாஸ் ஒருவரிடமே இந்த இரண்டு முகமும் இருந்தது. ஆழமான பந்து வரும்போது கார்னர்பேக் பெரும்பாலும் பந்தைப் பார்க்க முடியாமல் ரிசீவரைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பான். ரிசீவரின் கண் விரிவதும் கை எழுவதும்தான் பந்து வந்துவிட்டது என்பதற்கு அவனுக்குக் கிடைக்கும் அறிகுறி. மாஸ் அந்த அறிகுறியைக் கொடுக்கவே மாட்டார். பந்து வந்து சேரும் கடைசிக் கணம் வரை கை கீழேயே இருக்கும். தாமதக் கை என்று இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கிறோம். 2007இல் ஒரே பருவத்தில் 23 டச் டவுன் பிடித்தவர் அவர், அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. அதே மாஸ் மீது, பந்து தனக்கு இல்லாத நகர்வுகளில் முழுமனதோடு ஓடுவதில்லை என்ற குற்றச்சாட்டும் இருந்தது. விரும்பும்போதுதான் ஆடுவேன் என்ற பொருளில் 2001இல் அவரே பேசியிருக்கிறார். கையை அவ்வளவு அருமையாக மறைத்த மனிதர் காலை மறைக்கவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஜெர்ரி ரைஸை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் ஐந்து யார்டு பந்தைப் பிடித்தாலும் எல்லைக்கோடு வரை ஓடிப்போய்விட்டுத் திரும்பி வருவார். 22,895 யார்டு சேர்த்தவர். அவரைவிட வேகமானவர்கள் எத்தனையோ பேர் வந்துபோனார்கள். அவருடைய பாதைகள் தொடக்கத்தில் ஒரே மாதிரி இருந்தன. படிப்பதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

கூப்பர் கப்பை அதே வரிசையில் வைப்பேன். 2021 பருவத்தில் 145 பந்துகள், 1,947 யார்டு, 16 டச் டவுன், மூன்றிலும் முதலிடம். அந்த மனிதர் தன்னைவிடப் பெரிய ஆட்களோடு மோதித் தடுப்பதைப் பாருங்கள். ராம்ஸ் அணி ரிசீவர்களை நெருக்கி நிறுத்தி, ஓட்டத்துக்கும் வீச்சுக்கும் ஒரே தோற்றத்தைக் காட்டியது. தடுக்கும்போதும் பந்து பிடிக்கும்போதும் கப் ஒரே வேகத்தில் கிளம்பினார். அதனால்தான் அந்தத் திட்டம் வேலை செய்தது. அவர் நடந்து வந்திருந்தால் திட்டம் முழுவதும் வீண்.

பாலாற்றங்கரை

சோம்பல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. ஆனாலும் 49ஆவது சூப்பர் பவுலின் கடைசி நகர்வுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். இன்டர்செப்ஷன் என்றாலே எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான்.

2015 பிப்ரவரி 1. சியாட்டில் 24, நியூ இங்கிலாந்து 28. பந்து சியாட்டிலிடம், எல்லைக்கோட்டுக்கு ஒரு யார்டு, மீதி 26 விநாடி. வலப்பக்கம் இரண்டு ரிசீவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள், முன்னால் கியர்ஸ், பின்னால் லாக்கெட். நியூ இங்கிலாந்தின் கார்னர்பேக் மால்கம் பட்லர் லாக்கெட்டுக்கு முன்பாகப் பாய்ந்து பந்தைப் பறித்தார். அப்படி இரண்டு பேரை அடுக்கி நிறுத்தியதைப் பார்த்ததுமே முன்னவன் இடைமறிக்கப் பின்னவன் உள்ளே வெட்டும் நகர்வு என்று தெரிந்துவிட்டதாகப் பட்லர் சொன்னார். அதே நகர்வைப் பயிற்சியில் ஜிம்மி கரோப்போலோ வீசி, ஜாஷ் பாய்ஸ் பிடித்து, பட்லர் தோற்றிருந்தார். அணிவகுப்பும் முன்தயாரிப்பும்தான் இது. உடல்மொழி இதில் எங்கே வந்தது?

ஓரக்கோடு

நல்ல கேள்வி. எந்த நகர்வு என்பதை அணிவகுப்பு சொன்னது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்போது பாய வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. அடுக்கி நிற்கும் இருவரில் பின்னவன் வெளியே போகவும் முடியும். பட்லர் பின்னால் தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஸ்னாப்புக்கு முன்பே ஓடியிருந்தால் லாக்கெட் எதிர்ப்பக்கம் போய்விடலாம். லாக்கெட் உள்ளே திரும்பிய அந்த அடியில்தான் பட்லரின் உடம்பும் கிளம்பியது. மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முன்னால் பட்லரின் அணித்தோழர் பிரௌனர் கியர்ஸை நின்ற இடத்திலேயே மோதி நிறுத்தியதால், பட்லருக்கு வழியும் தெரிந்தது, ஆளும் தெரிந்தது. சந்தேகத்தை முன்தயாரிப்பு இரண்டு விடையாகக் குறைத்து வைத்திருந்தது, லாக்கெட்டின் கால் அதை ஒன்றாக்கியது. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் பந்து பட்லருக்குக் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

உங்கள் ஷெர்மன் உதாரணத்திலேயே ஒன்றை விட்டுவிட்டீர்கள். அவர் ஸ்டான்ஃபோர்டில் முதலில் ரிசீவராகத்தான் ஆடினார், பிறகுதான் கார்னர்பேக் ஆனார். தானே ஓடிய பாதையை இன்னொருவன் உடம்பில் அடையாளம் காண்பது அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

பாலாற்றங்கரை

பட்லர் விஷயத்தில் "எப்போது" என்ற பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. உடம்பைப் படிக்கப் பழகிய தடுப்பாட்டக்காரனைத்தான் இரட்டை வெட்டு ஏமாற்றும். நிற்பது போல் மார்பை நிமிர்த்திக் காட்டிவிட்டு மறுபடி பாய்கிறார்கள். வெளியே வெட்டுவது போல் ஒரு அடி வைத்துவிட்டு மேலே ஓடுகிறார்கள். மெதுவான கார்னர்பேக் பல நேரம் அதில் தப்பித்துக்கொள்கிறான், ஏனென்றால் அவன் எதையும் கவனிக்கவில்லை. ரிசீவர் ரேமண்ட் பெர்ரி 1958 இறுதி ஆட்டத்தில் 12 பந்து பிடித்து 178 யார்டு எடுத்தார். வேகத்தால் அல்ல, ஆளை ஏமாற்றும் அசைவுகளை எண்ணி எண்ணிப் பயிற்சி செய்ததால். மாலைநடையின் மகன் இடுப்பைப் பார்க்கக் கற்றுக்கொண்ட முதல் மாதத்தில் இன்னும் அதிகம் ஏமாறுவான். அவனிடம் முன்பே சொல்லி வையுங்கள், மனம் உடைந்துவிடாமல் இருக்கட்டும்.

தாரிணி_கிழக்கு

இரட்டை வெட்டிலும் ஒரு வித்தியாசம் தெரியும் என்று நினைக்கிறேன். பொய்யாக நிற்பவன் மார்பை நிமிர்த்துவான், தலையைத் திருப்புவான், ஆனால் இடுப்பைக் கீழே இறக்க மாட்டான். இறக்கினால் மறுபடி வேகம் எடுக்க நேரம் போய்விடும். மார்பு நிமிர்ந்து இடுப்பும் தாழ்ந்தால் உண்மை. மார்பு மட்டும் நிமிர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். ஓரக்கோடு, இது களத்தில் பொருந்துமா?

ஓரக்கோடு

பொருந்துகிறது அக்கா. மார்பு எண்ணைப் பார் என்று நான் சொல்லிக்கொடுப்பதில் உள்ள ஓட்டை இதுதான். திருத்திக்கொள்கிறேன்.

மாலைநடை அண்ணாவுக்கு இன்னும் ஒரு செய்தி. தொழில்முறை ஆட்டத்தில் நிற்கும் இடத்தை வைத்துச் சொல்வதை அப்படியே பள்ளி ஆட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பந்தை வைக்கும் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு இடையே தொழில்முறை மைதானத்தில் 18 அடி 6 அங்குலம்தான். பள்ளி மைதானத்தில் 53 அடி 4 அங்குலம், அதாவது மைதானம் மூன்று சம பாகம். பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் குறுகலாகவும் மறுபக்கம் பரந்த வெளியாகவும் இருக்கும். குறுகிய பக்கத்தில் ரிசீவர் ஓரத்தில் நிற்பதற்குப் பெரிய பொருள் இல்லை, அவனுக்கு வேறு இடமில்லை. பரந்த பக்கத்தில் அவன் இரண்டு யார்டு உள்ளே வந்தால் கவனிக்க வேண்டும்.

காணொளியைப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். திரையில் ரிசீவரின் மேல்பாதியைக் காகிதத்தால் மறைத்துவிடுங்கள், இடுப்புக்குக் கீழே மட்டும் தெரியட்டும். சத்தத்தை அணைத்துவிடுங்கள். நிற்கப் போகிறான் என்று தோன்றும் கணத்தில் மகனைக் கைதட்டச் சொல்லுங்கள்.

மாலைநடை

எல்லோருக்கும் என் நன்றி. ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன்.

காகிதம் ஒட்டிப் பார்த்தோம். முதல் நாள் மகன் கைதட்டியதெல்லாம் தாமதம், ரிசீவர் நின்ற பிறகுதான். மூன்றாவது நாள் ஒன்று தெரிந்தது. அவனை இரண்டு முறை ஏமாற்றிய அந்தப் பையன் நிற்பதற்கு முன் கடைசி மூன்று அடிகளில் பாதத்தை வெளிப்பக்கம் விரித்து வைக்கிறான், நேராக ஓடும்போது அப்படி வைப்பதில்லை. இரண்டு கர்லிலும் அதே மாதிரி. எனக்குத் தெரியவில்லை, மகன்தான் கண்டுபிடித்தான். திரையை நிறுத்திவிட்டு எழுந்து நின்று அந்த அடிகளைத் தானே நடந்து பார்த்தான். மூன்றாவது டவுனுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் போட்டிருக்கிறோம், பாலாற்றங்கரை ஐயா.

இப்போது அவன் கேட்ட கேள்வி ஒன்று. "நான் அவனைப் படிக்கிறேன் என்றால், அவனும் என்னைப் படிக்கிறானா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

ஓரக்கோடு

படிக்கிறான் அண்ணா. ரிசீவராக நின்றபோது நான் செய்த முதல் வேலையே அதுதான். கார்னர்பேக்கின் கண் என்மேல் இருந்தால் என்னோடு தனியாக வரப்போகிறான். அவன் உடம்பைச் சாய்த்து, பார்வை என்னைத் தாண்டிக் குவார்ட்டர்பேக்கிடம் போனால், ஒரு பகுதியைக் காக்கப் போகிறான். ஸ்னாப்புக்கு முன்பே குதிகாலில் எடை வைத்து நிற்பவன் பின்வாங்கப் போகிறான், அவனுக்கு முன்னால் கர்ல் எப்போதும் கிடைக்கும். அதே காகிதத்தை இந்த முறை உங்கள் மகன் மேல் ஒட்டிப் பாருங்கள்.

மாலைநடை

பார்த்துவிட்டோம். அந்த இரண்டு கர்லுக்கு முன்பும் அவன் குதிகாலில்தான் நின்றிருக்கிறான். பந்து ஸ்னாப் ஆவதற்கு முன்பே வெளிப்பக்க இடுப்பு பின்னுக்குத் திறந்திருக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை. இப்போது வாகனம் நிறுத்துமிடத்தில் விளக்கொளியில் நின்றுகொண்டு, முன்பாதத்தில் எடையை வைத்து நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறான். நான் ரிசீவராக அவனை நோக்கி ஓடிவர வேண்டுமாம். கூப்பிடுகிறான், போகிறேன்.